பியானோவில் பிறந்து யாழுக்கு வந்த நிலவொளி



சென்ற மாதம் ஒலிபரப்பான உரையில் நேரம் போதாமல் பாதியில் நிறுத்திய கதையை இந்த மாத மடலில் முழுமையாக எழுதித் தரும்படி கேட்டிருந்தீர்கள். எழுதுகிறேன். இது ஒரு மேலைத்தேய இசைத் துண்டின் கதை. இரண்டு வாத்தியங்களின் கதையும் கூட. இடையிடையே எங்கள் வீட்டுக் கதையும் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டில் ஒரு பழைய பியானோ இருந்தது. ஊரை விட்டுப் போன ஒரு குடும்பத்திடமிருந்து அப்பா மலிவாக வாங்கியது. எனக்குப் பியானோ சொல்லித்தந்த ரீச்சர் வயதானவர். பரீட்சைப் பாடங்கள் முடிந்த பின் சில நாட்களில் தனக்குப் பிடித்த ஒன்றை வாசித்துக் காட்டுவார். குளோட் டெபுசி என்ற பிரெஞ்சு இசைமேதை எழுதிய "கிளேர் து லூன்" அது. தமிழில் சொன்னால் "நிலவொளி". கரண்ட் இல்லாத அந்தக் காலத்தில் ஜாம் போத்தல் விளக்கின் வெளிச்சத்தில் அதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அதைச் சொல்லித்தரும்படி கேட்டபோது முதற் பக்கத்தை மட்டும் கையால் எழுதித் தந்தார். மற்றப் பக்கங்களுக்கு விரல் இன்னும் பழக வேண்டும் என்றார்.

1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் எழுந்து நடந்தது. நேயர்களில் பலர் அந்த வீதியில் நின்றவர்கள்தான். நான் விளக்கத் தேவையில்லை. அப்பா கதவைப் பூட்டித் திறப்பை மடியில் கட்டிக்கொண்டார். எனக்கு அப்போது 16 வயது. அந்த முதற் பக்கம் பள்ளிக்கூடச் சான்றிதழ்களோடு சேர்ந்து என்னுடைய பையில் வந்துவிட்டது. பியானோ வரவில்லை. மற்றப் பக்கங்களை நான் படிக்கவும் இல்லை.

இப்போது லண்டனுக்கு வருவோம். என் மகள் பாடசாலையில் ஹார்ப் பழகுகிறாள். வீணை பழக்காமல் ஏன் இந்த வாத்தியம் என்று உறவினர்கள் கேட்பதுண்டு. அம்மம்மா மட்டும் முதல் நாளே அதைப் பார்த்துவிட்டு, "இது எங்கட யாழ்தானே பிள்ளை" என்று சொல்லி விவாதத்தை முடித்துவிட்டார். சில காலத்துக்கு முன் மகள் வந்து, "அம்மா, உங்கட அந்தப் பாட்டை நான் ஹார்ப்பில வாசிக்கப் போறன்" என்றாள். நான் யோசிக்காமலே, "அது பியானோவுக்கு எழுதினது. ஹார்ப்பில வாசிச்சால் அது வேற பாட்டு" என்று சொல்லிவிட்டேன். அவளுடைய முகம் வாடிப்போனது. அம்மம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார்.

நான் சொன்னது சரியா என்று தேடிப் பார்க்கத் தொடங்கியதில்தான் இந்தக் கட்டுரை வந்தது.

முதலில் இந்த இசைத் துண்டைப் பற்றிச் சில தகவல்கள். டெபுசி 1862 இல் பாரிஸுக்கு அருகே பிறந்தவர். வசதியான குடும்பம் அல்ல. 1870 இல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டு பாரிஸ் முற்றுகைக்கு உள்ளாகியது. கருவுற்றிருந்த அவருடைய தாய் பிள்ளைகளுடன் தெற்கே கான் நகரில் இருந்த மைத்துனியின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். சிறுவன் டெபுசி முதன்முதலில் பியானோ பழகியது அங்கேதான். அடுத்த ஆண்டு பாரிஸ் கொம்யூன் கிளர்ச்சியில் சேர்ந்ததற்காகத் தந்தை சிறைக்குப் போனார். 1872 இல், பத்து வயதில், டெபுசி பாரிஸ் இசைக் கல்லூரியில் சேர்க்கப்பட்டார். இடம்பெயர்ந்து ஒதுங்கிய வீட்டில் தொடங்கிய பாடம் இரண்டு வருடங்களுக்குள் அவரை அங்கே கொண்டு சேர்த்தது. இதை வாசித்தபோது நான் சிறிது நேரம் புத்தகத்தை மூடி வைத்தேன்.

"சுவீற் பெர்கமாஸ்க்" என்ற நான்கு பகுதிகள் கொண்ட பியானோத் தொகுப்பில் மூன்றாவது பகுதிதான் நிலவொளி. 1890 அளவில் எழுதத் தொடங்கி, பின்னர் திருத்தி, 1905 இல் வெளியிட்டார். முதலில் வேறு பெயர் வைத்திருந்தார். கவிஞர் போல் வெர்லேனின் 1869 ஆம் ஆண்டுத் தொகுப்பில் உள்ள ஒரு கவிதையின் பெயரைப் பின்னர் சூட்டினார். வாசித்து முடிக்க ஐந்து நிமிடமளவில் ஆகும். டி ஃபிளாட் மேஜர் என்ற சுருதியில் அமைந்தது. அதாவது ஏழு சுரங்களில் ஐந்து, அரைச் சுரம் இறங்கி நிற்கும். இந்த ஒரு தகவலை மனதில் வைத்திருங்கள். முழுக் கதையும் இதில்தான் தொங்குகிறது.

அடுத்து ஹார்ப். இன்றைய பெரிய கச்சேரி ஹார்ப்பில் 47 நரம்புகள் உண்டு. வீணையில் ஒரே தந்தியை மெட்டுக்கு மெட்டு அழுத்திப் பல சுரங்களை எடுக்கிறோம். வயலினிலும் அப்படித்தான். ஹார்ப்பில் அது முடியாது. ஒரு நரம்புக்கு ஒரு சுரம். எங்கள் பழைய யாழும் இதே இனந்தான். வில் போல வளைந்த தண்டு, அதில் வரிசையாகக் கட்டிய நரம்புகள். பேரியாழுக்கு 21, செங்கோட்டியாழுக்கு 7 என்று எண்ணிக்கை சொல்லப்பட்டிருக்கிறது. காரைதீவில் 1892 இல் பிறந்த விபுலாநந்த அடிகள் தம் வாழ்நாளின் பல ஆண்டுகளைக் கொடுத்து இந்த வாத்தியங்களின் அமைப்பையும் சுரக் கணக்கையும் ஆராய்ந்து "யாழ் நூல்" எழுதினார். அது 1947 இல் வெளியானது. அதே ஆண்டு ஜூலையில் அவர் காலமானார். அம்மம்மா சொன்னது வெறும் பாசப் பேச்சு அல்ல என்பதற்காக இதைச் சொல்கிறேன். பிள்ளையின் ஹார்ப்பில் முன்பக்கம் ஒரு தூண் நிற்கிறது, யாழில் அது இல்லை. மற்றப்படி இரண்டும் உறவுக்காரர்.

ஒரு நரம்புக்கு ஒரு சுரம் என்றால் ஒரு சிக்கல் வருகிறது. பண் மாறினால் என்ன செய்வது? எங்கள் பாணர்கள் அதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். கட்டிய நரம்புகளை மாற்றாமல், தொடங்கும் நரம்பை மாற்றினார்கள். ஒரு பாலையின் இரண்டாம் நரம்பை முதலாக வைத்து வாசித்தால் வேறொரு பாலை பிறக்கும். பண்ணுப்பெயர்த்தல் என்பது இதுதான். அழகான தீர்வு. ஆனால் ஒரே பாட்டின் நடுவில் சுரங்களை ஏற்றி இறக்கி விளையாடும் ஐரோப்பிய இசைக்கு அது போதாது. அவர்கள் வேறு வழி தேடினார்கள்.

1720 அளவில் பவேரியாவைச் சேர்ந்த ஹொக்புறுக்கர் என்ற கைவினைஞர் ஹார்ப்பின் அடியில் பெடல்களைப் பொருத்தினார். காலால் மிதித்தால் மேலே ஒரு கொக்கி நரம்பை இழுத்து அரைச் சுரம் உயர்த்தும். கைகள் வாசித்துக்கொண்டே இருக்கலாம். நல்ல முன்னேற்றந்தான். ஆனால் ஒவ்வொரு பெடலும் ஒரே ஒரு படிதான் நகரும். ஒரு நரம்புக்கு இரண்டு சுரங்கள் மட்டுமே கிடைத்தன.

இதன் பொருள் என்ன என்பதை நான் புத்தகத்தில் விளங்கிக்கொள்ளவில்லை, வீட்டில்தான் விளங்கிக்கொண்டேன். மகளுக்கு வீட்டில் பழக ஒரு சிறிய ஹார்ப் இரவலாகக் கிடைத்திருந்தது. அதில் பெடல் இல்லை. ஒவ்வொரு நரம்பின் தலைப்பிலும் ஒரு சிறு லீவர். கையால் தள்ளினால் அரைச் சுரம் கூடும். அதுவும் ஒரு படிதான். நான் அப்படிச் சொன்ன பிறகும் அவள் அறைக்குள் இருந்து என்னுடைய பாட்டை முயன்று பார்த்திருக்கிறாள். வழமையாகச் சுருதி சேர்க்கும் முறையில் அந்த ஹார்ப்பில் மூன்று ஃபிளாட்கள் உண்டு. பாட்டுக்கு ஐந்து வேண்டும். டி நரம்பையும் ஜி நரம்பையும் சாவியால் முறுக்கி இறக்கிப் பார்த்தாள். தொடக்கம் சரிவந்தது. நடுப்பகுதியில் பாட்டு வேறு சுருதிக்குத் தாவும்போது லீவர்களைத் தள்ள மூன்றாவது கை வேண்டியிருந்தது. ஒரு நரம்பும் அறுந்தது. சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தேன். கண்ணீரோடு இருந்தாள். "நீங்கள் சொன்னது சரி, அம்மா" என்றாள்.

அந்த நேரத்தில் நான் சொன்னது சரியாக இருந்ததில் எனக்கு எந்த மகிழ்ச்சியும் இருக்கவில்லை.

அவளுடைய ஹார்ப் ஆசிரியர்தான் அடுத்த வாரம் விளக்கினாராம். வீட்டில் இருப்பது ஏறத்தாழ 1810 க்கு முந்திய ஹார்ப்பைப் போன்றது, பாடசாலையில் இருப்பது 1810 க்குப் பிந்தியது என்று. அந்த ஆண்டில் என்ன நடந்தது என்று கேட்டால் செபஸ்தியன் எரார் என்ற மனிதரிடம் போக வேண்டும்.

எரார் 1752 இல் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் பிறந்தவர். 16 வயதில் பாரிஸுக்கு வந்து வாத்தியம் செய்யும் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். கைத்திறனால் விரைவில் பெயர் எடுத்தார். மன்னர் பதினாறாம் லூயி அவருக்கு உரிமப் பத்திரம் கொடுத்தார். இராணி மரி அந்துவானெத்துக்கும் பியானோ செய்து கொடுத்தார். பிறகு பிரெஞ்சுப் புரட்சி வந்தது. அரண்மனைக்கு வேலை செய்தவர்களுக்கு அந்த நகரில் பாதுகாப்பு இருக்கவில்லை. 1792 இல் எரார் லண்டனுக்கு வந்து சேர்ந்தார். சகோதரர் பாரிஸில் நின்று அங்கிருந்த பட்டறையைப் பார்த்துக்கொண்டார்.

அவரை எங்களோடு ஒப்பிட நான் விரும்பவில்லை. அவர் பணம் படைத்தவர், பெரிய இடத்து வாடிக்கையாளர்கள் இருந்தவர், சில ஆண்டுகளில் பாரிஸுக்குத் திரும்பிப் போகவும் முடிந்தவர். ஆனாலும் வந்த இடத்தில் அவர் சும்மா இருக்கவில்லை. கிரேட் மார்ல்பறோ வீதியில் பட்டறை போட்டார். 1794 இல் லண்டனில் தம்முடைய முதலாவது ஹார்ப் காப்புரிமையை எடுத்தார். நரம்பை இழுத்து வளைக்கும் பழைய கொக்கிக்குப் பதிலாக இரண்டு சிறு முளைகள் பதித்த ஒரு வட்டத் தகட்டை வைத்தார். பெடலை மிதித்ததும் தகடு திரும்பி, இரு முளைகளும் நரம்பை இறுக்கிப் பிடித்துக் குறுக்கும். நரம்பு தன் வரிசையை விட்டு விலகாது.

பின்னர் 1810 இல் பெரிய காரியம் நடந்தது. ஒரு நரம்புக்கு ஒரு தகட்டுக்குப் பதிலாக ஒன்றின் கீழ் ஒன்றாக இரண்டு தகடுகள். பெடல் ஒன்றுக்கு மூன்று நிலைகள். மேலே நின்றால் ஃபிளாட், நடுவில் இயல்புச் சுரம், அடியில் ஷார்ப். ஏழு சுரப் பெயர்களுக்கு ஏழு பெடல்கள். ஒரு பெடலை அசைத்தால் அந்தப் பெயருள்ள நரம்புகள் கீழிருந்து மேல் வரை ஏறத்தாழ எல்லாமே சேர்ந்து மாறும். முன்தூண் உள்ளே கோறையானது. பெடலிலிருந்து கழுத்து வரை போகும் கம்பிகள் அதற்குள்ளால்தான் ஓடுகின்றன. இன்று கச்சேரிகளில் காணும் ஹார்ப்பின் உள்ளமைப்பு அடிப்படையில் அவர் வகுத்ததே.

ஒரு சனிக்கிழமை மகளை அழைத்துக்கொண்டு அந்த வீதிக்குப் போனேன். ஒக்ஸ்போர்ட் சேர்க்கஸ் நிலையத்திலிருந்து சில நிமிட நடை. அவருடைய 18 ஆம் இலக்கத்தை நினைத்துக்கொண்டு நடந்தோம். கடைகளுக்குப் போகும் சனம், தேநீர்க் கடைகள், பைகள். எத்தனையோ தரம் அந்த வழியால் போயிருக்கிறேன். ஒரு நாளும் தெரியாது.

இனி, நினைவில் வைத்திருக்கச் சொன்ன அந்தச் சுருதிக்கு வருவோம். எராரின் ஹார்ப்பில் ஏழு பெடல்களும் மேலே நின்றால் எல்லா நரம்புகளும் ஃபிளாட். அப்போதுதான் நரம்புகள் எதுவும் பிடிபடாமல் முழு நீளத்துக்கும் அதிர்கின்றன. வாத்தியம் மிகத் தாராளமாக ஒலிப்பது ஃபிளாட்கள் கூடிய சுருதிகளில் என்று ஹார்ப் வாசிப்பவர்கள் சொல்வது இதனால்தான். டி ஃபிளாட் மேஜருக்கு ஐந்து பெடல்களை மேலேயே விட்டுவிட்டு இரண்டை மட்டும் நடு நிலைக்கு இறக்கினால் போதும். சி ஒன்று, எஃப் மற்றது. இன்னொரு வேடிக்கை. ஹார்ப் வாசிப்பவருக்கு வழி தெரிவதற்காகச் சில நரம்புகளுக்கு நிறம் இருக்கும். சிவப்பு நரம்பெல்லாம் சி. கறுப்பு நரம்பெல்லாம் எஃப். ஆகவே நிலவொளி தொடங்கும்போது பிடிபட்டு நிற்பவை நிறம் போட்ட நரம்புகள் மட்டுமே. மற்றவை எல்லாம் திறந்தே நிற்கின்றன. மகள் இதைக் கண்டுபிடித்துச் சொன்ன அன்று வீட்டில் எல்லாருக்கும் போன் எடுத்துச் சொன்னாள்.

பியானோக்காரர்களுக்கு இந்தச் சுருதி கறுப்புக் கட்டைகள் நிறைந்தது. என்னை ரீச்சர் காத்திருக்கச் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம். அதே சுருதி ஹார்ப்புக்கு வீட்டு முற்றம் போல இருக்கிறது.

கதை இதோடு நிற்கவில்லை. 1821 இல் எரார் குடும்பம் லண்டனில் இன்னொரு காப்புரிமை எடுத்தது. சகோதரரின் மகன் பியேர் பெயரில் பதிவானது. இது பியானோவுக்கு. அதற்கு முன் ஒரு கட்டையை அழுத்தினால் அது முழுவதும் மேலே எழும்பிய பிறகுதான் அதே சுரத்தை மறுபடி அடிக்கலாம். எராரின் புதிய பொறியில் கட்டை பாதி எழும்பியதும் சுத்தியல் மறுபடி அடிக்கத் தயாராகிவிடும். இன்றைய பெரிய பியானோக்களின் உள்ளே இருப்பது இதன் வழிவந்த அமைப்பே. அதாவது, நான் "பியானோப் பாட்டு", "ஹார்ப் பாட்டு" என்று பிரித்து வைத்த இரண்டு வாத்தியங்களின் குடலையும் இன்றைய வடிவுக்குக் கொண்டுவந்தது ஒரே பட்டறை. டெபுசி பிறப்பதற்கு 30 ஆண்டுகளுக்கு மேல் முன்பே, 1831 இல், எரார் காலமாகிவிட்டார்.

டெபுசிக்கும் ஹார்ப் அந்நியமல்ல. 1904 இல் பிளெயெல் நிறுவனம் தான் புதிதாகச் செய்த ஒரு ஹார்ப்புக்காக அவரிடம் இசை கேட்டது. அந்த ஹார்ப்பில் பெடலே இல்லை. இரண்டு வரிசை நரம்புகள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டிச் செல்லும். பியானோவின் வெள்ளைக் கட்டையும் கறுப்புக் கட்டையும் போல எல்லா அரைச் சுரங்களுக்கும் தனித்தனி நரம்பு. டெபுசி அதற்கு இரண்டு நடனங்கள் எழுதிக் கொடுத்தார். போட்டி நிறுவனமான எரார் விடவில்லை. பெடல் ஹார்ப்பின் வல்லமையைக் காட்டத் தக்க ஒன்றை ரவேல் என்ற இளம் இசையமைப்பாளரிடம் கேட்டு வாங்கியது. அது 1905 இல் எழுதப்பட்டது. நிலவொளி அச்சில் வந்ததும் அதே ஆண்டுதான். எழுபதுக்கும் மேற்பட்ட நரம்புகள் கொண்ட பிளெயெல் ஹார்ப் காலப்போக்கில் வழக்கொழிந்தது. அதற்கென்றே எழுதிய நடனங்களை இன்று பெடல் ஹார்ப்பில்தான் வாசிக்கிறார்கள். வாத்தியம் போய்விட்டது, இசை வேறு வாத்தியத்தில் குடியேறி வாழ்கிறது. முதல் உலகப் போரின் நடுவே, நோயோடு இருந்த 1915 இல், புல்லாங்குழல், வயோலா, ஹார்ப் மூன்றுக்குமாக டெபுசி ஒரு சொனாட்டா எழுதினார். 1918 மார்ச்சில், பாரிஸ் மீது குண்டுகள் விழுந்துகொண்டிருந்த நாட்களில் அவர் இறந்தார்.

சரி, நிலவொளியை ஹார்ப்புக்கு மாற்றும்போது உண்மையில் என்ன நடக்கிறது? எதை விட வேண்டும், எது கிடைக்கும்? இதை மகளின் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

முதலாவது, விரல்கள். பியானோவுக்குப் பத்து விரல். ஹார்ப்புக்கு எட்டு. சுண்டு விரல் இரண்டும் சேராது, அவை நீளம் போதாதவை. ஆகவே ஒரு கையில் ஐந்து சுரம் சேர்ந்து வரும் இடத்தில் ஒன்றை விட வேண்டும். எதை விடுவது என்பதுதான் கேள்வி. அடியில் நிற்கும் சுரத்தை விட்டால் பாட்டு நிலம் இல்லாமல் தொங்கும். உச்சியில் நிற்பதை விட்டால் மெட்டே போய்விடும். நடுவில் இருப்பதில் ஏற்கெனவே மற்றக் கையில் ஒலிக்கும் சுரத்தைத்தான் விடலாம். இப்படி ஒவ்வொரு இடத்திலும் யோசித்து முடிவெடுக்க வேண்டும்.

இரண்டாவது, மௌனம். பியானோவில் கட்டையிலிருந்து விரலை எடுத்தால் உள்ளே ஒரு கம்பளித் துண்டு விழுந்து சத்தத்தை நிறுத்திவிடும். ஹார்ப்பில் அப்படி எதுவும் இல்லை. மீட்டிய நரம்பு தானாக ஓயும் வரை ஒலித்துக்கொண்டே இருக்கும். முந்திய சுரங்கள் பிந்திய சுரங்களோடு கலந்து குழம்பிவிடும். ஆகவே உள்ளங்கையை நரம்புகளில் வைத்து நிறுத்த வேண்டும். மகள் கூடுதலாகப் பழகியது மீட்டுவதை அல்ல, நிறுத்துவதைத்தான். மேல் நரம்புகளில் இதற்கு எதிர்மாறான சிக்கல். அவை விரைவில் ஓய்ந்துவிடும். பியானோவில் நீண்டு நிற்கும் உச்சச் சுரம் ஹார்ப்பில் சீக்கிரம் மறைந்துவிடுகிறது.

மூன்றாவது, நடுப்பகுதி. அங்கே பாட்டு ஐந்து ஃபிளாட்டை விட்டு நான்கு ஷார்ப்புக்குச் சில வரிகள் போய்த் திரும்புகிறது. கைகள் ஓடிக்கொண்டிருக்கும்போதே கால்கள் பெடல்களை மாற்ற வேண்டும். ஹார்ப்பில் ஒரே ஒலியை இரண்டு நரம்புகளில் எடுக்கலாம். சி நரம்பை ஷார்ப்பாக வைத்தாலும் டி நரம்பை ஃபிளாட்டாக வைத்தாலும் ஒரே சுரம். எந்த நரம்பில் எடுத்தால் கால் குறைவாக அலையும் என்று முன்கூட்டியே கணக்குப் போடுகிறார்கள். மகளுடைய தாளில் பென்சிலால் எழுதிய பெடல் குறிப்புகள் சுரங்களை விடக் கூடுதலாக இருந்தன.

இவை இழப்பும் சிரமமும். கிடைப்பது என்ன? பாட்டின் நடுவில் சுரங்கள் அலை அலையாக ஏறி இறங்கும். பியானோவில் இதற்கு ஆர்பேஜியோ என்று பெயர். அந்தச் சொல்லே இத்தாலிய மொழியில் ஹார்ப்பைக் குறிக்கும் ஆர்பா என்ற சொல்லிலிருந்து வந்தது. ஹார்ப் போல வாசி என்பதே பொருள். ஆகவே அந்த இடத்தில் பியானோ ஹார்ப்பைப் பாவனை செய்துகொண்டிருந்திருக்கிறது. ஹார்ப்பில் அதே இடம் வரும்போது எந்தப் பாவனையும் இல்லை. இன்னொன்றும் உண்டு. பியானோவில் விரலுக்கும் கம்பிக்கும் இடையில் கட்டை, நெம்பு, சுத்தியல் என்று ஒரு கூட்டமே நிற்கிறது. ஹார்ப்பில் விரல் நுனித் தோல் நேராக நரம்பைத் தொடுகிறது.

பெரிய கலைஞர்கள் இதை முன்பே செய்துவிட்டார்கள். கார்லோஸ் சல்சேடோ (1885-1961) பிரான்ஸில் பிறந்து, 1901 இல் பாரிஸ் இசைக் கல்லூரியில் பியானோ, ஹார்ப் இரண்டிலும் முதற் பரிசு பெற்றவர். 1909 இல் அமெரிக்கா போய் அங்கேயே ஒரு தலைமுறைக்கு ஹார்ப் சொல்லிக் கொடுத்தார். நிலவொளியை ஹார்ப்புக்கு மாற்றி எழுதியவர்களில் அவரும் ஒருவர். இரண்டு வாத்தியமும் கைவந்த ஒருவர் அதைச் செய்திருக்கிறார் என்றால், வேறு பாட்டு என்று சொல்ல நான் யார்?

இனி, உரையில் சொல்லாமல் விட்ட ஒன்று. 2003 இல், சமாதான காலத்தில் ஏ9 பாதை திறந்திருந்தபோது நானும் அம்மாவும் வீட்டைப் பார்க்கப் போனோம். அப்பா அதற்கு முன்பே போய்விட்டார். அவர் பத்திரமாக வைத்திருந்த திறப்புக்கு வேலை இருக்கவில்லை, கதவு இல்லை. பியானோ இருந்த இடத்தில் எதுவும் இல்லை. கிணற்றடிக்குப் போனபோது மதிலில் ஏதோ சாய்த்துக் கிடந்தது. பாரமான இரும்புச் சட்டம். துருப்பிடித்த சில கம்பிகள் இன்னும் அதில் இழுபட்டு நின்றன. பலகையெல்லாம் யாருடைய அடுப்புக்கோ பதுங்கு குழிக்கோ போயிருக்கும். அந்த நாட்களில் யாரைக் குறை சொல்வது? அது பியானோவின் உட்சட்டம் என்று விளங்க எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. அம்மா ஒரு கம்பியை விரலால் தட்டிப் பார்த்தார். மங்கலாக ஒரு சத்தம் வந்தது. "வா போவம்" என்றார்.

அதை நான் அதிகம் பேருக்குச் சொன்னதில்லை. பியானோவின் உள்ளே மரத்தை நீக்கினால் எஞ்சுவது ஒரு சட்டமும் அதில் வரிசையாகக் கட்டிய கம்பிகளும் என்பதை அன்றைக்கே கண்ணால் கண்டிருந்தும், மகளிடம் அப்படிச் சொல்லியிருக்கிறேன். அம்மம்மா அன்று ஏன் என்னை அப்படிப் பார்த்தார் என்பது பிறகுதான் விளங்கியது.

பாடசாலைப் பெடல் ஹார்ப்பில் மகள் பல மாதங்கள் பழகினாள். கோடை விடுமுறைக்கு முன்பு ஒரு மாலை, பாடசாலை மண்டபத்தில் பெற்றோருக்காக வாசித்தார்கள். அவளுடைய முறை வந்தது. பக்கத்தில் அம்மம்மா. நான் கைப்பையில் அந்தப் பழைய முதற் பக்கத்தை வைத்திருந்தேன். அவள் ஐந்து பெடல்களை மேலே விட்டு இரண்டை நடுவில் வைத்தாள். தொடங்கினாள்.

முதற் பக்கம் எனக்கு மனப்பாடம். எந்தச் சுரத்தை விட்டாள், எங்கே உள்ளங்கையால் நிறுத்தினாள் என்று கவனித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் முடிந்தது. அதற்குப் பிறகு நான் ஒரு நாளும் வாசிக்காத பகுதி வந்தது. கவனிப்பதை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஓரிடத்தில் பெடல் பிந்தி ஒரு சுரம் பிசகியது. அவள் நிற்காமல் போய்க்கொண்டே இருந்தாள்.

வெளியே வந்ததும், "எப்பிடி அம்மா, வேற பாட்டு மாதிரியே இருந்தது?" என்று கேட்டாள். "இல்லைப் பிள்ளை, அதே பாட்டுத்தான்" என்றேன். அம்மம்மா இடையில் புகுந்து, "யாழில வாசிச்சால் நல்லாத்தானே இருக்கும்" என்றார்.

நேயர்களே, உங்கள் வீடுகளிலும் பிள்ளைகள் ஏதோ ஒன்றை வேறு வாத்தியத்தில், வேறு மொழியில், வேறு சுருதியில் வாசித்துக்கொண்டிருப்பார்கள். அது எங்களுடையது இல்லை என்று சொல்லும் முன்பு ஒருமுறை முழுவதும் கேட்டுப் பாருங்கள். எதை விட்டார்கள், ஏன் விட்டார்கள் என்று அவர்களிடமே கேளுங்கள். என் மகளிடம் ஒவ்வொரு சுரத்துக்கும் பதில் இருந்தது.

மீண்டும் அடுத்த மாத உரையில் சந்திப்போம்.